இறப்புக்குப் பிறகு வரும் காகித வேலை: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் கண்ணை மூடிய நேரத்தில் யாருக்கும் காகிதம் நினைவுக்கு வராது. ஆனால் அன்றைக்கு அவசரத்தில் யாரோ சொன்ன ஒரு பெயர், குத்துமதிப்பாக எழுதிய ஒரு வயது, வாங்காமல் விட்ட ஒரு ரசீது, இவைதான் அடுத்த பல மாதங்களுக்கு வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் நம்மை நிறுத்தி வைக்கும்.

என் பெரியப்பா இறந்தபோது அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். எங்கள் வீடு கடலூர்ப் பக்கம். அவர் இறந்தது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில். நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிற ஒன்று. பெரிய சிகிச்சை என்றால் எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டித்தான் போகிறோம். போகும்போது தெரியாத மாநில எல்லை, திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு மேசையிலும் தெரியும். அதனால் இரண்டு விஷயங்களை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயர் முதல் சீட்டில் எப்படி எழுதப்பட்டது என்பது ஒன்று. அவர் எல்லைக்கு எந்தப் பக்கத்தில் இறந்தார் என்பது இன்னொன்று. மற்ற வேலை எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் சுலபமாகவோ சிக்கலாகவோ ஆகிறது.

1. காகிதத்துக்கென்று ஒருவரை நிறுத்துங்கள்

துக்கத்தில் மிக நெருக்கமாக இருப்பவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். மருமகன், அண்ணன் மகன், பக்கத்து வீட்டில் படித்த பெண் என்று நிதானமாக இருக்கும் ஒருவர் போதும். அவர் கையில் உடனே இருக்க வேண்டியவை:

- இறந்தவரின் ஆதார், அசலும் நான்கைந்து ஜெராக்ஸும்
- குடும்ப அட்டை
- தகவல் கொடுக்கப் போகிறவரின் ஆதார். இவர் கணவன், மனைவி, மகன், மகள் என்று நேரடி உறவாக இருப்பது நல்லது
- கடைசியாக வைத்தியம் பார்த்த சீட்டுகள்
- இறந்தவரின் கைபேசி

கைபேசியை எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்த வங்கியில் கணக்கு, எந்தப் பாலிசிக்குத் தவணை என்பதெல்லாம் அதில் வரும் குறுஞ்செய்தியில்தான் தெரியவரும். சில மாதங்களுக்கு அந்த எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

குடும்ப அட்டையை இப்போதே இரு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஒரே தாளில் காட்டுவது அதுதான். பின்னால் பெயர் நீக்கம் செய்துவிட்டால் அந்தப் பழைய அட்டை திரும்பக் கிடைக்காது.

2. மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் பெயரைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரியப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனவர் எதிர்வீட்டு அண்ணன். சேர்க்கைக் கவுண்டரில் “பேஷண்ட் பேரு என்ன?” என்று கேட்டார்கள். தெருவில் எல்லோரும் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார். “வயசு?” “அறுபத்தஞ்சு இருக்கும் சார்.” ஆதாரில் இருப்பது முழுப் பெயர், வயது 71. உயிரைக் காப்பாற்ற ஓடியவரை இதற்காக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சீட்டில் இருந்த பெயர்தான் வார்டில் கேஸ் ஷீட்டுக்குப் போனது. அங்கிருந்து மரணக் காரணச் சான்றுக்கும், அதிலிருந்து இறப்பு அறிக்கைக்கும், கடைசியில் இறப்புச் சான்றிதழுக்கும் போய்விட்டது. ஒவ்வொரு மேசையிலும் முந்தைய காகிதத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆதாரைப் பார்த்து யாரும் எழுதவில்லை.

ஆகவே நோயாளி வார்டில் இருக்கும்போதே சீட்டை வாங்கிப் பாருங்கள். பெயர் தவறாக இருந்தால் ஆதார் நகலோடு ஒரு கடிதம் எழுதி, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவருக்கு இதைக் கேட்பது அபசகுனம் என்று வீட்டில் யாராவது சொல்லலாம். மருந்துச் சீட்டும் காப்பீட்டுத் திட்டமும் சரியான பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான்.

இறந்த பிறகு என்றால், உடலை வாங்கும் முன் இறப்பு அறிக்கையில் (படிவம் 2) இருப்பதை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்:

- பெயர், இனிஷியலோடு. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருந்தால் அதேபோல்
- தந்தை, தாய், கணவன் அல்லது மனைவி பெயர்
- வயது, இறந்த தேதி
- நிரந்தர முகவரி. சிகிச்சைக்காகத் தங்கியிருந்த உறவினர் வீட்டு முகவரி இதில் ஏறிவிடக் கூடாது

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிலும் பழைய பத்திரத்திலும் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், வங்கியில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் இருக்கும் பெயர் ஆதாரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சீட்டில் எழுத ஆதாரையே பின்பற்றுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் விட்டுவிடாதீர்கள். ‘செல்வராஜ்’, ‘செல்வராசு’ இரண்டும் நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, மரணக் காரணச் சான்று. மருத்துவமனையில் இறந்தவருக்கு இது படிவம் 4. 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இதன் நகல் நெருங்கிய உறவினருக்கும் தரப்பட வேண்டும். இரண்டாவது, சிகிச்சைச் சுருக்கம். நகராட்சி கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் அச்சாகாது. சட்டமே அதை வெளியிடக் கூடாது என்கிறது. காப்பீட்டு நிறுவனம் கேட்பதோ அந்தக் காரணத்தைத்தான்.

3. இறந்த இடத்தில்தான் பதிவு. சொந்த ஊரில் இல்லை

நம் பகுதியில் பலரை அலைய விடுவது இதுதான். கடலூரில் பிறந்து வளர்ந்து, ரேஷன் கார்டும் ஓட்டும் கடலூரில் இருந்தாலும், உயிர் பிரிந்தது புதுச்சேரி என்றால் இறப்பைப் பதிவு செய்வது புதுச்சேரிப் பக்கத்து உள்ளாட்சிதான். ஊர் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அதைப் பதிவு செய்ய முடியாது.

- ஜிப்மர் இருக்கும் கோரிமேடு, உழவர்கரை நகராட்சிக்குள் வருகிறது. அங்கே இறந்தால் பதிவும் சான்றிதழும் அந்த நகராட்சியில். புதுச்சேரி நகராட்சியில் போய்க் காத்திருக்காதீர்கள்.
- ஊருக்குள் இருக்கும் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை என்றால் புதுச்சேரி நகராட்சி.
- கிருமாம்பாக்கம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகள் என்றால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து.
- கடலூர் அரசு தலைமை மருத்துவமனை என்றால் கடலூர் மாநகராட்சி எல்லை.
- தமிழ்நாட்டுக் கிராமத்தில் வீட்டில் இறந்தால் அந்தக் கிராம விஏஓ.

வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டால்? கடலூரிலிருந்து ஜிப்மருக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர், போக்குவரத்து நெரிசலில் இது நடக்கிறது. ஓடும் வண்டியில் நேர்ந்த இறப்பை, வண்டி முதலில் நின்ற இடத்துப் பதிவாளரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆம்புலன்ஸ் நேராக மருத்துவமனை வாசலில் போய் நின்றிருந்தால், அந்த இடத்தின் உள்ளாட்சி. வரும்போதே உயிர் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் பெரும்பாலும் காவல்துறைக்குத் தகவல் போகும். அதைப் பற்றி 5-ஆம் பகுதியில்.

மருத்துவமனையில் நடந்த இறப்பை உள்ளாட்சிக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். இறப்பு அறிக்கையின் எண் அல்லது ஒப்புகைச் சீட்டைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் அந்த உள்ளாட்சியில் ‘வந்துவிட்டதா, பெயர் சரியா’ என்று ஒருமுறை பாருங்கள். அச்சாவதற்கு முன் திருத்துவது ஒரு நிமிட வேலை. சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது மனு, ஆதாரம், விசாரணை என்று தனிக் கதை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அவர்கள் உள்ளூர்ச் சான்றிதழை வாங்கிய பிறகு, இறந்தவரின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் குடும்பப் பதிவேடும் எடுத்துக்கொண்டு அங்குள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திலும் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால் தாமதிக்கவே கூடாது. இறந்த பிறகும் கணக்கில் விழுந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

4. வீட்டில் இறந்தால்

கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவரை அழைத்து மரணக் காரணச் சான்று வாங்குங்கள். வீட்டில் நடந்த இறப்புக்கு அது படிவம் 4ஏ. அவர் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வந்து பார்ப்பதற்கான கட்டணம் வேறு. இறந்தவரை முன்பின் பார்த்திராத மருத்துவர் எழுதித் தரத் தயங்குவார், அது நியாயம்தான். அதனால் வயதானவர் படுத்த படுக்கையாக இருந்தால் பக்கத்து மருத்துவர் ஒருவரிடமாவது அவ்வப்போது காட்டிச் சீட்டு வைத்திருங்கள்.

பிறகு கிராமத்தில் விஏஓவுக்கும், மாநகராட்சியில் அந்த வார்டின் துப்புரவு ஆய்வாளருக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.

5. விபத்து, தற்கொலை, சந்தேகம்: காவல்துறை வரும் இறப்பு

இங்கே உடல் உடனே கைக்குக் கிடைக்காது என்பதை வீட்டில் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காவல்துறை விசாரணை, உறவினர் அடையாளம் காட்டுவது, பிரேதப் பரிசோதனை, பிறகுதான் உடல்.

எல்லைச் சிக்கல் இதில்தான் மிகக் கடுமை. விபத்து தமிழ்நாட்டுப் பக்கத்து ரெட்டிச்சாவடி அருகே நடந்து, இறந்தது புதுச்சேரி மருத்துவமனையில் என்றால், வழக்கு தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில். அங்கிருந்து ஒருவர் புதுச்சேரிக்கு வந்து விசாரணைக் காகிதம் எழுதினால்தான் பரிசோதனையே தொடங்கும். மருத்துவமனை தகவல் அனுப்பும் என்று காத்திருக்காமல், வீட்டிலிருந்து ஒருவர் அந்தக் காவல் நிலையத்துக்கே போய்விடுவது நல்லது. பொழுது சாய்ந்த பிறகு போனால் பெரும்பாலும் அடுத்த நாள்தான்.

அடையாளம் காட்டப் போகும் இரண்டு பேர் தங்கள் ஆதாரை எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் வாக்குமூலத்தில் இறந்தவர் பெயர் ஆதாரில் உள்ளபடி எழுதப்படுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும், நேரம் கூடும்.

வாங்கி வைக்க வேண்டியவை முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, உடல் ஒப்படைப்புச் சீட்டு. பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. வாகன விபத்து என்றால் நஷ்டஈட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால்கூட, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. பலருக்கு இது தெரியாமலே போகிறது.

6. மயானத்தில் ரசீது

கருவடிக்குப்பம் ஆனாலும் கடலூர் ஆனாலும் நகர மயானங்களில் மருத்துவர் சான்று நகல், இறந்தவர் ஆதார் நகல், கொண்டுவந்தவர் ஆதார் நகல் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். தகனமோ அடக்கமோ முடிந்ததும் ரசீது வாங்குங்கள், அதிலும் பெயரைப் பாருங்கள். கிராமத்துச் சுடுகாட்டில் ரசீது கிடையாது. அங்கே நடந்ததை விஏஓவிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்கி வைப்பது பின்னால் உதவும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் இறந்தால் வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377 என்ற எண்ணில் கேட்கலாம்.

7. இறப்புச் சான்றிதழ்: 21 நாள் கணக்கு

“பதினாறு முடியட்டும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் சொல்வார். காரியம் முடிந்த பிறகு கட்டணமில்லாத பதிவுக்கு மிச்சம் இருப்பது ஐந்து நாள்தான். அதில் ஒரு சனி ஞாயிறு போய்விடும்.

- 21 நாளுக்குள்: கட்டணம் இல்லை.
- 21 முதல் 30 நாள்: தாமதக் கட்டணம். தமிழ்நாட்டில் 100 ரூபாய்.
- 30 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள்: உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். தமிழ்நாட்டில் கட்டணம் 200 ரூபாய்.
- ஓராண்டுக்கு மேல்: நிர்வாக நடுவரின், அதாவது நம் பக்கத்தில் கோட்டாட்சியரின், உத்தரவு வேண்டும். கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. உங்கள் தாலுகா எதில் வருகிறது என்று பாருங்கள். கட்டணம் 500 ரூபாய். இறந்தது புதுச்சேரி என்றால் உத்தரவும் அந்தப் பக்கத்து அதிகாரியிடம்தான்.

கட்டணம் சின்னது. அனுமதிக்காக அலைவதுதான் பெரியது.

பதிவானதும் முதல் சான்றிதழை 7 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2023 திருத்தத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் பதிவானவற்றை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கியூஆர் குறியீட்டோடு வரும் அந்தச் சான்றிதழை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். எந்த அலுவலகத்திலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

8. வாரிசுச் சான்றிதழ்

இங்கே எல்லை தலைகீழாகிறது. இறப்புப் பதிவு இறந்த இடத்தில், வாரிசுச் சான்றிதழ் இறந்தவர் நிரந்தரமாக வசித்த இடத்துத் தாசில்தாரிடம். புதுச்சேரியில் இறந்த கடலூர்க்காரருக்கு ஒரு காகிதம் அங்கே, அடுத்த காகிதம் இங்கே. இறப்புச் சான்றிதழில் நிரந்தர முகவரி சரியாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அதில் புதுச்சேரி முகவரி ஏறிவிட்டால், ‘அங்கேயே போய் வாங்குங்கள்’ என்று திருப்பி அனுப்ப நம் ஊர் அலுவலகத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். மனுதாரரின் ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருக்கட்டும், ஓடிபி வரும். எடுத்துச் செல்ல வேண்டியவை இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, இறந்தவரின் முகவரிச் சான்று, மனுதாரர் புகைப்படம், உறுதிமொழிப் படிவம். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்ற வரிசையில் போகும். விஏஓ வீட்டுக்கு வந்தோ, அக்கம்பக்கத்தில் கேட்டோ விசாரிப்பார். இதற்கு ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள். மனு எண்ணை வைத்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்று திருப்பியிருப்பார்கள், நமக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் கிடக்கும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

முதலாவது, பெயர் விடுபடுவது. “கட்டிக் கொடுத்தாச்சு, அவ பேரு எதுக்கு?” என்று திருமணமான மகளை விட்டுவிடுகிறார்கள். அது சட்டப்படி தவறு, அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயமும் கூட. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழைப் பின்னால் ரத்து செய்யச் சொல்லி மனு வந்தால், அதை வைத்துச் செய்த பட்டா மாற்றம் வரை ஆட்டம் காணும்.

இரண்டாவது, முன்பே இறந்துபோன வாரிசு. அப்பாவுக்கு வாரிசுச் சான்று கேட்கும்போது, 20 ஆண்டுக்கு முன் இறந்த அண்ணனின் இறப்புச் சான்றிதழையும் கேட்பார்கள். அப்போது பதிவே செய்யாமல் விட்டிருப்போம். இப்போது அதற்குக் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித் தாமதப் பதிவு செய்து, அதன் பிறகுதான் இது. வீட்டில் இப்படி ஒரு பதிவாகாத இறப்பு இருந்தால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். அண்ணனுக்கு மனைவி மக்கள் இருந்தால் அவர்களின் ஆதாரையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, இரண்டு சான்றிதழ்களைக் குழப்பிக்கொள்வது. தாசில்தார் தருவது வாரிசுச் சான்றிதழ். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்வது. நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். இறந்தவருக்கு வர வேண்டிய பணத்தையும் கம்பெனிப் பங்குகளையும் பெற்றுக்கொள்ளும் உரிமை யாருக்கு என்று சொல்வது. இதற்கு வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், மாதக்கணக்கில் நேரம் எல்லாம் ஆகும். வங்கியில் வாய்மொழியாக எதைக் கேட்டாலும், “எந்தச் சான்று வேணும், எழுதிக் கொடுங்க சார்” என்று கேளுங்கள். பல நேரம் முதலாவதே போதும். வாரிசுகளுக்குள் தகராறு, இரண்டாவது மனைவி, காணாமல் போனவர் போன்ற நிலை என்றால் தாசில்தார் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார்.

9. பெயர் ஒத்துப்போகாவிட்டால்

எவ்வளவு பார்த்தாலும் பத்திரத்தில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருக்கத்தான் செய்யும். நம் அப்பா காலத்து ஆவணங்கள் அப்படி. வித்தியாசம் சின்னது என்றால், ‘இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்’ என்று நோட்டரி முன் உறுதிமொழி ஆவணம் எழுதி, இரண்டு பெயரும் வரும் பழைய ஆதாரங்களை இணைத்துக் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2024 மே மாதத்திலிருந்து இதற்கான முத்திரைத்தாள் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆகிவிட்டது. அதனால் வங்கிக்கு ஒன்று, பாலிசிக்கு ஒன்று, பட்டாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதாமல், எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே ஆவணத்தில் ‘என்கிற’ போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் உறுதிமொழி ஆவணத்தோடு நிறுத்தாதீர்கள். பதிவு செய்த அலுவலகத்தில் மனு கொடுத்துத் திருத்துங்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். ஆதார், குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே பெயர் இருந்ததுதான் காப்பாற்றியது. திருத்திய சான்றிதழ் வரும்வரை வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காதீர்கள். பிழையான பெயரில் அதுவும் வந்துவிட்டால் திருத்த வேண்டியது இரண்டாகிவிடும்.

10. வங்கி, காப்பீடு, வைப்பு நிதி

இறந்தவரின் ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்காதீர்கள், காரியச் செலவுக்கு என்றாலும். மற்ற வாரிசு ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது எடுத்தவர்தான்.

கணக்கில் நியமனதாரர் (நாமினி) இருந்தால் இறப்புச் சான்றிதழ், நியமனதாரரின் அடையாளச் சான்று, கோரிக்கைப் படிவம் இவை போதும். வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. எல்லா ஆவணமும் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நியமனதாரர் இல்லாவிட்டாலும், தகராறு இல்லாத கணக்கில் வணிக வங்கிகள் 15 லட்சம் ரூபாய் வரையும் கூட்டுறவு வங்கிகள் 5 லட்சம் வரையும் எளிய நடைமுறையில் தர வேண்டும் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நியமனதாரர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவரே தவிர, அவருக்கே சொந்தம் என்று ஆகிவிடாது.

பாஸ்புக்கை வரிவரியாகப் பாருங்கள். மே மாத வாக்கில் 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, 20 ரூபாய் என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய். முதலாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும், இரண்டாவது விபத்துக்கு மட்டும். வங்கிக்காரர்கள் தாமாகச் சொல்வார்கள் என்று இருக்காதீர்கள்.

எல்ஐசி பாலிசி என்றால் அசல் பத்திரம், இறப்புச் சான்றிதழ், நியமனதாரர் அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம். பாலிசி எடுத்து 3 ஆண்டுக்குள் இறந்திருந்தால் மருத்துவர் சான்று, மருத்துவமனைச் சிகிச்சைச் சான்று, உடலை அடையாளம் கண்டு தகனமோ அடக்கமோ செய்ததற்கான சான்று எல்லாம் கூடுதலாகக் கேட்பார்கள். மருத்துவமனைத் தாள்களையும் மயான ரசீதையும் வைத்திருந்தவர்களுக்கு இது ஒரு நாள் வேலை.

நெய்வேலியிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலை பார்த்தவர் என்றால், வருங்கால வைப்பு நிதியும் குடும்ப ஓய்வூதியமும் தவிர, பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை தரும் இணைப்புக் காப்பீடும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பிஎஃப் பிடித்திருந்தால் இது பொருந்தும். ஒப்பந்ததாரர் கையெழுத்துக்கு இழுத்தடித்தால் பிஎஃப் அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.

11. இறந்தவரின் அட்டைகளை எந்த வரிசையில் முடிப்பது

அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ரத்து செய்யாதீர்கள். பணம் வர வேண்டிய வேலைகள் முடியும்வரை அடையாள அட்டைகள் தேவைப்படும்.

குடும்ப அட்டை: வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகு பெயர் நீக்கம். குடும்பத் தலைவர் இறந்திருந்தால் தலைவர் மாற்றத்தையும் சேர்த்தே கேளுங்கள். புதுச்சேரியில் சிவப்பு, மஞ்சள் அட்டைக்காரர்கள் குடிமைப் பொருள் வழங்கல் துறையில்.

ஆதார்: இறப்பைத் தெரிவிக்கும் வசதி மைஆதார் தளத்தில் 2025-ல் வந்தது. வங்கி வேலை முடிந்ததும் செய்துவிடுங்கள். இறந்தவர் ஆதாரை வேறு யாரும் பயன்படுத்தாமல் இருக்க இது அவசியம்.

பான்: இறந்த தேதி வரையிலான வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், வாரிசு ஒருவர் வருமான வரித் தளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிந்து அதை முடிக்க வேண்டும். திரும்ப வர வேண்டிய பணம் வந்த பிறகே பானை ஒப்படையுங்கள்.

வாக்காளர் பட்டியல்: படிவம் 7. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமே கொடுக்கலாம்.

வாகனம்: இது மட்டும் காத்திருக்காது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வாரிசு அந்த வண்டியை 3 மாதம் வரை ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றிவிட வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் பெயர் மாற வேண்டும். அப்பாவின் வண்டியைத் தம்பி எடுத்துக்கொண்டு போய் விபத்து நேர்ந்தால், பழைய பெயரில் இருக்கும் காப்பீட்டை வைத்துப் பணம் கேட்பது பெரும்பாடு. பெயர் மாறும் வரை சாவியை வீட்டிலேயே வைத்திருங்கள்.